ஃப்ளோராவின் உள்மூச்சு

சென்னையில் லிஃப்ட் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஃப்ளோராவைத் தெரியும். ஃப்ளோராவுக்குத்தான் அவர்களைத் தெரியாது. தரமணியின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்பதாம் மாடி வந்துவிட்டதைப் பணிவாக அறிவிப்பது அவள் குரல். தி. நகர் கடையொன்றின் எஸ்கலேட்டரில் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்வதும் அவள் குரல். கொட்டிவாக்கத்தில் ஓர் ஏடிஎம் அவள் குரலில் நன்றி சொன்னபோது, ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இரும்மா" என்று வாழ்த்தினாராம். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவள் சாட்சாத் ஃப்ளோரா. வாழ்த்தைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாள்.

சாந்தோமில் பிறந்தவள். நாலு தலைமுறையாக வாத்தியார்கள். வாய் திறந்தால் தெருமுனை வரை கேட்கும் குடும்பம். ஒன்பது வயதில் பூசையில் வாசகம் படிக்க ஏறியபோது மின்சாரம் போய் மைக் செத்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சு வரை கேட்டது மட்டுமல்ல, வெளியே சுண்டல் விற்றுக்கொண்டிருந்தவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான் என்று இன்றைக்கும் பங்குக் கோயிலில் சொல்வார்கள். அவனுக்குத் தொப்பியே கிடையாது என்பது வேறு விஷயம்.

அந்தக் குரலைப் பிடித்துப் பெட்டிக்குள் அடைத்தவன் லாரன்ஸ். மயிலாப்பூர் கச்சேரி சாலைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில் அவனுடைய ஒலிப்பதிவுக்கூடம். லாரன்ஸுக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். அறிவிக்கிற குரல் மூச்சு வாங்கக் கூடாது. ஆளில்லாத லிஃப்டுக்குள் யாரோ மூச்சு இழுப்பது கேட்டால், ஏறியவர்கள் அலறியடித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அதனால் ஃப்ளோரா பேசி முடித்ததும், வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் இழுத்த மூச்சையெல்லாம் லாரன்ஸ் நறுக்கி எடுப்பான். எடுத்ததைக் குப்பையில் போடவும் மனசு வராது. 'காத்து' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைப்பான். பன்னிரண்டு வருஷத்து மூச்சு அதில் கிடந்தது.

ஃப்ளோராவுக்கும் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தும் ஸ்டீவுக்கும் கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம், அவளுடைய முப்பத்தைந்தாம் வயதில், வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாம் மாடி வீடு. ஐந்தாம் மாதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அது முதல் தடவை வந்தது ஒரு பகல் நாலு மணிக்கு. சாப்பிட்டுப் படுத்து எழுந்து, காபி குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் ஒரு கிச்சுக்கிச்சு. அடுத்த நொடி, பின்னாலிருந்து யாரோ இரண்டு கட்டைவிரலை வைத்து அழுத்தியதுபோல் தொண்டை அடைத்தது. சத்தம் ஒன்று எழுந்தது. மெல்லிசாக, உச்சத்தில், இழுத்து இழுத்து.

சமையலறையில் இருந்த முனியம்மாள் குக்கர்தான் விசிலடிக்கிறது என்று அடுப்பை அணைத்தாள். அந்த வீட்டில் பத்து வருஷமாக வேலை செய்கிறவள் அவள். அடுப்பை அணைத்த பிறகும் விசில் வந்தது. எட்டிப் பார்த்தாள்.

"அய்யய்யோ, இன்னா கண்ணு இது! உன் உள்ளேர்ந்து யாரோ ஊதிக்கினு கீறாங்க!"

ஃப்ளோராவால் பதில் சொல்ல முடியவில்லை. ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த குரலில் அவளுக்கென்று ஒரு சொல்கூட மிச்சமில்லை. பன்னிரண்டு நிமிஷம் கழித்து, வந்தது போலவே போய்விட்டது.

மறுநாள் முனியம்மாள் வாசல் நிலையில் சாய்ந்தபடி, "சொல்லக் கூடாதுன்னு பாத்தேன்" என்று ஆரம்பித்தாள். சொல்லக் கூடாது என்று அவள் நினைத்த எதையும் சொல்லாமல் விட்டதில்லை. "உங்களுக்கு மின்ன இந்த வூட்ல ஒரு அம்மா இருந்துச்சு. தொண்ட அடைச்சித்தான் போச்சு. டைம் இன்னான்ற? கரீக்டா நாலு."

அந்த அம்மாள் கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டில் சுகமாக இருக்கிறாள், தினமும் கடற்கரையில் நடக்கிறாள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றைக்கு ஃப்ளோரா சிரித்துவிட்டாள். ஆனால் மூன்றே முக்காலுக்கு அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. நாலு மணிக்குத் தொண்டை அடைத்தது.

அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் டாக்டர் ஹஸன். பொறுமையானவர், கைராசிக்காரர் என்று பெயர். மூச்சு அடைக்கிறது, விசில் சத்தம் வருகிறது என்று ஸ்டீவ் சொன்னான். ஆஸ்துமாவில் விசில் வரும் என்றார் டாக்டர். அந்த விசில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை. மூச்சில் பக்கம் உண்டு என்பதே ஸ்டீவுக்குத் தோன்றவில்லை.

உறிஞ்சும் மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. அதைவிடப் பெரிதாக ஒன்று. கேட்கவில்லை. இதயத்தை ஸ்கேன் செய்தார், வால்வெல்லாம் சரி. நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று பார்த்தார், அதுவும் இல்லை. குழாயில் ஊதச் சொன்ன பரிசோதனையிலும் குறை ஒன்றும் தெரியவில்லை. "பிள்ளைத்தாச்சிக்கு சும்மாவே மூச்சு வாங்கும். அதுக்கு நடுவுல இதையும் கண்டுபிடிக்கறது பெரிய தலைவலிம்மா" என்று அவரே ஒத்துக்கொண்டார். மூன்று தடவை ஆட்டோவில் போட்டு அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். மூன்று தடவையும் கிரீன்வேஸ் சாலை சிக்னல் தாண்டுவதற்குள், போலீஸைப் பார்த்த கும்பல் மாதிரி அது கலைந்துவிட்டது. விரலில் கிளிப் மாட்டினால் ஆக்ஸிஜன் தொண்ணூற்றெட்டு. கடைசியில் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். ஃப்ளோராவின் முகம் உப்பியது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியது. நாலு மணிக்கு வருகிறவர் மட்டும் நாலு மணிக்கே வந்துகொண்டிருந்தார்.

ஒன்றை ஸ்டீவ் கவனித்தான். அவள் தூங்கினால் அது வருவதில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். மணி நாலு, நாலேகால், நாலரை. அவள் மூச்சு குளத்துத் தண்ணீர் போல ஏறி இறங்கியது. நாலு நாற்பதுக்குக் கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, "மணி என்ன?" என்றாள். கேட்ட வாயோடு விசில் ஆரம்பித்தது. இவ்வளவு நேரமும் அந்த அறையில் தன்னைத் தவிர இன்னொருவரும் அவள் விழிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்ததுபோல் ஸ்டீவுக்கு முதுகு சில்லிட்டது. இயற்பியல் வாத்தியார், பேயை நம்பக் கூடாது. அன்றைக்கு ஒருநாள் நம்பினான்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் வேறொன்று நடந்தது. டோக்கன் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அடைத்து அடைத்து அவள் தொண்டை அதற்குள் கரகரத்துப் போயிருந்தது. மேலே ஸ்பீக்கரில் ஒரு குரல், கழுவித் துடைத்த வெள்ளி டம்ளர் மாதிரி, "ஃப்ளோரா ஸ்டீவ், ஆறாம் அறைக்கு வரவும்" என்றது.

அது ஃப்ளோராவின் குரல். ஃப்ளோரா அந்த வாக்கியத்தைத் தன் ஆயுசில் சொன்னதில்லை.

ஸ்டீவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லல" என்றாள் கம்மிய தொண்டையில்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காகப் பதினோரு நாள் உட்கார்ந்து, தலையும் வாலும் இல்லாத வாக்கியங்களை ஆயிரக்கணக்கில் படித்துக் கொடுத்திருந்தாள். அந்தத் துண்டுகளை ஒட்டி யந்திரம் எந்தப் பெயரையும் கூப்பிடும். விஷயம் அவ்வளவுதான். தெரிந்தும் என்ன? ஆறாம் அறைக்கு நடக்கும்போது அவளுக்குத் தோன்றியது, அங்கே மேலே இருக்கிறவள்தான் உண்மையான ஃப்ளோரா என்று. அவளுக்கு மூச்சே தேவையில்லை, ஆகவே அடைக்காது. கீழே நடப்பது அவள் கழற்றிப் போட்ட சட்டை.

அந்த ஆறாம் அறையில்தான் டாக்டர் ஹஸன் சொன்னார்: "நான் அது வர்றப்போ ஒரு தடவைகூட பாக்கலையே. வீட்டுல வரும்போது ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க."

ஒலிப்பதிவு என்றால் ஃப்ளோராவுக்குச் சொல்லவா வேண்டும். வீட்டிலேயே அவளுக்கு நல்ல மைக் உண்டு. புடவை அலமாரிக்குள்தான் வைத்திருப்பாள். தொங்குகிற துணி எதிரொலியைக் குடித்துவிடும். மறுநாள் மூன்றே முக்காலுக்கு அலமாரிக் கதவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு நடுவே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு மணிக்கு அது வந்தது. பத்து நிமிஷமும் பதிவானது. அதை இன்னொரு தடவை கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. டாக்டரின் போனில் திறக்கிற அளவுக்குச் சின்னதாக்கி அனுப்பச் சொல்லி லாரன்ஸுக்குத் தள்ளிவிட்டாள்.

லாரன்ஸுக்கும் தைரியம் இல்லை. தங்கை மாதிரி பழகிய பெண் திணறுவதை யார் கேட்பது? ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, திரையில் ஓடும் அலையை மட்டும் பார்த்தபடி உட்கார்ந்தான். அவன் கண் கலங்கிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. பன்னிரண்டு வருஷமாக எதைச் செய்ததோ அதையே செய்தது. உள்ளே இழுத்த மூச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் நறுக்கி எடுத்து, இடைவெளியை ஒட்டி, சுத்தமாக்கி அனுப்பியது.

டாக்டர் ஹஸன் கேட்டபோது அதில் வெளிமூச்சு மட்டும் இருந்தது. ஒன்று முடியுமுன் இன்னொன்று. கடிகாரத்தை வைத்து எண்ணினார். நிமிஷத்துக்கு ஐம்பத்திரண்டு. அவர் முகம் மாறிவிட்டது.

"இவ்ளோ மோசமா இருக்கும்னு நான் நினைக்கல" என்றார். "திங்கக்கிழமை வந்து அட்மிட் ஆயிடுங்க. பிரசவ டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். குழந்தையோட நுரையீரலுக்கு ரெண்டு ஊசி போட்டுரலாம். அட்மிட் ஆனப்புறம் இதே மாதிரி திரும்ப வந்தா, காத்திருக்க முடியாது. ட்யூப் போட்டு, வியாழக்கிழமையே குழந்தையை எடுத்துருவோம்."

அப்போது முப்பத்தொரு வாரம். பிள்ளை ஒன்றரைக் கிலோகூட இருக்காது. 'திரும்ப வந்தா' என்கிறார் டாக்டர்; அது வராத நாள் என்று ஒன்று இருந்ததா? வீட்டுக்கு வந்ததும் ஃப்ளோரா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரோ அதைப் பறித்துக்கொண்டு போகத் தெருமுனையில் நிற்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லாரன்ஸ் கூடத்தைத் திறந்தான். புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் இப்போது தலைகீழாக மாறி, குரல் ரொம்ப யந்திரம் மாதிரி இருக்கிறது, நடுநடுவே கொஞ்சம் மூச்சு வேண்டும் என்கிறார்கள். அதற்கென்ன, ஃப்ளோராவின் மூச்சு மூட்டைக் கணக்கில் இருக்கிறதே என்று 'காத்து' ஃபோல்டரைத் திறந்தான். நல்லதாக ஒன்று பொறுக்கலாம் என்று கடைசியிலிருந்து ஓட விட்டான்.

டாக்டருக்குப் போன பதிவிலிருந்து அவன் கை நறுக்கிச் சேர்த்துவைத்த அத்தனையும் வரிசையாக வந்தன. வீ... வீ... வீ... மனுஷ மூச்சு இல்லை அது. மூடிய கதவின் சாவித்துவாரத்தில் வாயை வைத்து, அந்தப் பக்கத்துக் காற்றை யாரோ உறிஞ்சுகிற சத்தம். நல்ல வெயில் அடிக்கிற காலை பதினோரு மணிக்கு லாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தான். நாற்காலி தானாகக் கவிழ்ந்தது என்று பின்னால் சொன்னான். அவன் உதைத்திருப்பான்.

அரை மணியில் லேப்டாப்போடு ராஜா அண்ணாமலைபுரம் மூன்றாம் மாடியில் நின்றான்.

"மச்சி, தப்பு பண்ட்டேன்" என்றான் ஸ்டீவிடம். "டாக்டருக்குப் போனதுல பாதிதான் இருந்துச்சு. இன்னொரு பாதி என்கிட்டயே இருக்கு."

"என்னடா சொல்ற?"

"கை பழக்கத்துல வெட்டிட்டேன்டா. இழுக்கற மூச்சு பூரா வெட்டிட்டேன்."

ஃப்ளோரா ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். மூன்று நாளாக அதைக் கேட்கப் பயந்தவள், இப்போது தொழில்காரியாக உட்கார்ந்து கேட்டாள். ஒன்று கேட்டாள், இரண்டு கேட்டாள், கண்ணை மூடிக்கொண்டு பத்தும் கேட்டாள். பிறகு முழுப் பதிவையும் வெட்டுவதற்கு முன்னால் இருந்தபடியே ஓட விடச் சொன்னாள்.

"லாரன்ஸ், வெளிய விடறப்போ விசிலே இல்ல. இழுக்கறப்போ மட்டும்தான் வருது" என்றாள். கையைத் தொண்டைக் குழியில் வைத்தாள். "இங்கேர்ந்து. நெஞ்சுலேர்ந்து இல்ல. மைக்குக்கு இவ்ளோ கிட்டக்க இருக்கு பாரு."

திங்கட்கிழமை பெட்டியோடு போனார்கள். அட்மிஷன் மேஜைக்குப் போகவில்லை. டாக்டர் ஹஸன் முழுப் பதிவையும் இரண்டு தடவை கேட்டார். மறுபடி எண்ணினார். நிமிஷத்துக்கு இருபத்தாறு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஆஸ்துமாவுல காத்து வெளிய போறதுக்குத்தான் கஷ்டப்படும். சத்தம் நெஞ்சுல இருக்கும். இது உள்ள போறப்போ, அதுவும் தொண்டையில." கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "எந்தப் பக்கம்னு முதல் நாளே நான் கேட்டிருக்கணும். உங்க எடிட்டர் பண்ணதைவிட அது பெரிய தப்பு."

கீழ் மாடியில் காது மூக்கு தொண்டை டாக்டர் நாஸியாவிடம் அனுப்பினார். சின்ன உருவம், பெரிய குரல். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மாள், "நாலு மணிக்குத்தானே வருவாங்க? நானும் இருந்து பாக்கறேன்" என்றாள்.

நாலு மணி ஆனது. வரவில்லை. நாலே கால். வரவில்லை. ஸ்டீவ் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான். வரக் கூடாதென்று ரெண்டு மாதம் ஜெபித்த மனுஷன், இப்போது வர வேண்டுமே என்று ஜெபித்தான்.

"சாப்பிட்டு, படுத்து, எழுந்து காபி குடிச்சீங்கன்னுதானே சொன்னீங்க?" என்றாள் நாஸியா. கேன்டீனிலிருந்து காபி வந்தது. ஃப்ளோரா குடித்துவிட்டுப் பரிசோதனைக் கட்டிலில் சாய்ந்தாள். நாலு முப்பத்தைந்துக்குத் தொண்டை கிச்சுக்கிச்சு மூட்டியது. விசில் எழுந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"வாம்மா வா. உனக்காகத்தான் உக்காந்திருக்கேன்" என்று அதை வரவேற்றாள் நாஸியா. விரலில் கிளிப் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது. "பாருங்க, பாப்பாவுக்கு வேண்டிய காத்து போய்க்கிட்டுத்தான் இருக்கு. பயப்படாதீங்க." நூடுல்ஸ் தடிமனில் ஒரு குழாய், நுனியில் கேமரா, மூக்கு வழியாக மெல்ல இறக்கினாள். திரையை ஃப்ளோராவின் பக்கமே திருப்பி வைத்தாள்.

ஈரமான சிவப்புக் குகை. அதன் அடியில் வெள்ளையாக இரண்டு உதடு. தன் தொண்டைக்குள் இன்னொரு வாய் இருப்பதை ஃப்ளோரா பார்த்தாள். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் மாடி எண் சொன்ன வாய் அதுதான். அவள் மூச்சை இழுத்தாள். விலகி வழி விட வேண்டிய அந்த உதடுகள் ஒன்றையொன்று நெருங்கி இறுக மூடின. பின் ஓரத்தில் ஒரு பொட்டு இடைவெளி. அதன் வழியே வீ என்று சத்தம். மூச்சை விட்டாள், சமர்த்தாகத் திறந்தன. இழுத்தாள், மூடின. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது அந்த வாய்.

"இதுதாங்க உங்க பேய்" என்றாள் நாஸியா. "குரல்நாண் தப்பான நேரத்துல மூடிக்குது. பாப்பா வளர வளர இரைப்பையை மேல தள்ளுது, புளிப்பு தொண்டைக்கு ஏறுது. சாப்பிட்டுப் படுக்கறீங்க, மேல காபி வேற. அந்தப் புளிப்பு சுட்டதும் தொண்டை பயந்து கதவைச் சாத்திடுது. தூங்கறப்போ பயம் இல்ல, சாத்தறதும் இல்ல. இப்போ நான் சொல்றதைச் செய்யுங்க. வாயால இழுக்காதீங்க. மூக்கால சின்னதா ரெண்டு தடவை மோந்து பாருங்க. பக்கத்து வீட்ல என்ன சமையல்னு மோப்பம் பிடிப்போம்ல, அப்படி. அப்புறம் உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க."

ஃப்ளோரா மோந்தாள், ஊதினாள். திரையில் அந்த வெள்ளை உதடுகள் நடுங்கின. மறுபடி மோந்தாள். கொஞ்சம் விலகின. ஐந்தாவது தடவை, ஒரு கறுப்பு முக்கோணமாக அகலத் திறந்தன. அறைக்குள் சட்டென்று நிசப்தம்.

ஊசியும் இல்லை, ட்யூபும் இல்லை என்று அன்று சாயங்காலமே டாக்டர் ஹஸன் பிரசவ டாக்டருக்கு எழுதினார். ஸ்டீராய்டைப் பட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று அட்டவணை போட்டார். புளிப்புக்கு மருந்து. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தலைமாட்டை உயர்த்த வேண்டும், காபி கிடையாது. நாள்தோறும் கால் மணி நேரம் மூச்சுப் பயிற்சி. பெட்டி அப்படியே வீட்டுக்குத் திரும்பியது.

பிள்ளையை எடுப்பதாக இருந்த வியாழக்கிழமை, ஸ்டீவ் பள்ளிக்கூடம் போயிருந்தான். இரண்டு நாளாக வராதது அன்றைக்கு வந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் செய்தும் வந்தது. முதல் விசிலுக்கே முனியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு, "நான் ஆட்டோ இட்டாறேன்" என்று வாசலுக்கு ஓடினாள்.

ஃப்ளோரா கையைக் காட்டி நிறுத்தினாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாயைத் திறந்து ஒரே இழுப்பாக இழுத்துவிடு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. அவள் கேட்கவில்லை. சின்னதாக மோந்தாள். ஊதினாள். உள்ளே அந்த இன்னொரு வாய் பிடிவாதமாக மூடியிருப்பது கண்ணால் பார்ப்பதுபோலத் தெரிந்தது. இருந்துகொள் என்று விட்டுவிட்டு மறுபடி மோந்தாள். முனியம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, அவளும் சேர்ந்து மோந்து, அவளும் சேர்ந்து ஊதினாள். இரண்டு பெண்கள், பட்டப்பகலில், இல்லாத ஒரு சமையலை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிஷம் ஆகியிருக்கும். விசில் மெலிந்தது, தேய்ந்தது, நின்றது.

"பூட்ச்சா?" என்றாள் முனியம்மாள், அறையின் நாலு மூலையையும் பார்த்து.

"போச்சு."

வயிற்றுக்குள்ளிருந்து பலமாக ஓர் உதை விழுந்தது. ஃப்ளோரா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"அவசரப்படாத. இன்னும் எட்டு வாரம் இருக்கு, பேசாம படு" என்றாள்.